உறையாத மூன்று நாட்கள்

அந்தத் தட்டைக் கல்லில் காலை வைக்காதே, ஆடும்.

யார் சொன்னது? தையல்நாயகி நின்று சுற்றிலும் பார்த்தாள். முன்னால் குதிரைக்காரர்கள் தங்கள் மொழியில் ஏதோ பாடிக்கொண்டு போனார்கள். பின்னால் மதுரைக்காரர் ஒருவர் கோலை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தார். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தனக்குள்தான் கேட்டிருக்கிறது. இந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லையே, இது ஆடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர் நேராக அதன்மேல் காலை வைத்தார். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "சொக்கநாதா" என்று கோலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பார்த்ததே இல்லை என்பதும் சரியில்லை. கயிலாயத்தைச் சுற்றி வருவது அவளுக்கு இது ஏழாவது முறை. கடவுச்சீட்டில் முத்திரைகள் இருக்கின்றன. அடிவாரத்து ஊரான தார்ச்சென் வரைக்கும் வண்டியில் வந்தது ஒவ்வொரு முறையும் நன்றாக நினைவிருக்கிறது. அங்கிருந்து ஊர் திரும்பியதும் நினைவிருக்கிறது. நடுவில் நடந்த மூன்று நாட்கள்தான் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல மனம் அங்கே போய்ப் போய்த் திரும்பும். ஒன்றும் அகப்படாது.

முழங்காலுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. எந்த ஏற்றத்தில் மெதுவாகப் போக வேண்டும், எந்த ஓடையைத் தாண்ட வேண்டாம் என்று அது பாட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிற்று. தன் உடம்பில் இன்னொருத்தி குடியிருப்பது போலிருந்தது. அல்லது குடியிருப்பவள் தானோ என்னவோ.

காதில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவி. அதில் ஒரு கிழவரின் குரல் இடைவிடாமல் ஓடியது. "நம... சிவாய." இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மீண்டும் "நம."

வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு பாறை மறைவில் எல்லோரையும் உட்கார வைத்தான் பரஞ்சோதி. குழுவை அழைத்து வந்தவன். காரைக்குடிப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். வெந்நீர்க் குடுவையோடு அவளிடம் வந்து ஒரு வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் வைத்தான். அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்தம்மாவுக்கு மட்டும் என்ன தனி மாத்திரை?" என்றார் மதுரைக்காரர். "எங்களுக்கெல்லாம் தலைவலி மாத்திரையோட முடிச்சிட்டீங்க."

"அது வேற சார். அக்கா நடையாள்."

"அப்படின்னா?"

"நடக்க முடியாதவங்களுக்காக நடக்கிறவங்க. கோயமுத்தூர்ல வேலாயுதம்னு ஒரு பெரியவர். நுரையீரல் போயிருச்சு, கட்டிலோட கிடக்கிறார். ஆயுசு பூரா கயிலாயம் கயிலாயம்னு இருந்தவர். அக்கா காதுல ஓடுறது அவர் குரல்தான், அவருக்காக நடக்கிறாங்க. இறங்கினதும் ஒரு தொப்பியை மாட்டி இந்த மூணு நாளை எடுத்து அவருக்குக் குடுத்துருவோம். கண்ணை மூடினார்னா அவரே நடந்தது மாதிரி இருக்கும். மாதிரி என்ன, அவர் நடந்ததுதான்."

"அப்ப இந்தம்மாவுக்கு?"

"இருக்காது."

"ஒரு நகல் எடுத்து வச்சுக்கக் கூடாதா?"

"முடியாது சார். புது ஞாபகம் பால் மாதிரி. உறைஞ்சு தயிராயிருச்சுன்னா பாத்திரத்தோட பிடிச்சுக்கும், எடுக்க முடியாது. உறையறதுக்குள்ள ஊத்திரணும். ஊத்தினா இந்தப் பாத்திரம் காலிதான். மாத்திரை அதை உறையவிடாம வச்சிருக்கும். ஒரு வேளை தவறினாலும் போச்சு."

மதுரைக்காரர் விடவில்லை. "சரி, புண்ணியம் யாருக்கு?"

"உரியவருக்கு. யாருக்காக நடக்கிறாங்களோ அவருக்கு. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு சார்."

"ஒப்பந்தத்துல சிவபெருமான் கையெழுத்துப் போட்டிருக்காராக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தையல்நாயகியும் சிரித்தாள். இதே சிரிப்பை இதே இடத்தில் முன்பும் சிரித்திருக்கிறேனோ என்று தோன்றியதும் பாதியில் நின்றுவிட்டது.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். குதிரையிலிருந்து இறங்கி, கம்பளிக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காந்திமதி அம்மாள். திருநெல்வேலி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொன்பது வயது, இடுப்பில் செயற்கை மூட்டு. நேற்றுக் காலையிலிருந்து அந்த அம்மாள் தன்னையே பார்ப்பதைத் தையல்நாயகி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த அம்மாளும் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டார். முந்தின நாள் தங்கிய இடத்தில், கழிப்பறைக்குக் கிளம்பிய பெண்களிடம், "வலது பக்கமா போகாதீங்க, அங்ஙன பனி வழுக்கும்" என்றார். முன்னாடி வந்திருக்கீங்களா அம்மா என்று கேட்டதற்கு, "இல்ல, இதான் முதல்" என்றார். சொல்லிவிட்டுத் தானே குழம்பியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடை தொடர்ந்தது. காற்று கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. தையல்நாயகி ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள். அம்மாவின் ஸ்வெட்டர். எட்டுப் பொத்தான் துளைகள், பெரிய பழுப்பு மரப் பொத்தான்கள். இப்போது இரண்டுதான் மிச்சம், மற்ற இடங்களில் ஊக்கு. ஒவ்வொரு முறையும் ஊரான மாயவரத்துக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தால் ஒரு பொத்தான் குறையும். மூட்டைக்காரர்கள் கயிற்றை இழுத்துக் கட்டுவதில் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அம்மா கடைசிக் காலத்தில் குன்னூரில் அண்ணன் குருபரனோடு இருந்தாள். அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றிப்போய் மருத்துவமனையில் சேர்த்த பதினோராம் நாள், இனித் தாங்க மாட்டாள் என்று தகவல் வந்து இவள் கிளம்பினாள். மலைப் பாதையில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது. தொண்டையில் குழாய் போட்டால் சில மணி நேரம் தாங்குவாள் என்றாராம் மருத்துவர். "குழாய் போடச் சொல்லுண்ணா, நான் வந்துடறேன்" என்று பேருந்திலிருந்து கெஞ்சினாள். அண்ணன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள், மூன்று மணி நேரம் தாமதம். கூடியிருந்தவர்கள் முன்னால், "இனிமே எனக்கு அண்ணன் கிடையாது" என்றாள். அவனோ பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தேயிலைப் பொட்டலம் அனுப்புவான். அதைப் பிரிக்காமலே பால்காரரிடம் கொடுத்துவிடுவாள். ஏழு வருஷம்.

இந்த வேலைக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். நுரையீரல் பலமானவர்கள் தேவை என்று அறிவிப்பு வந்திருந்தது. நடந்ததும் மறந்துபோகும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். இவளுக்கு அது பிடித்திருந்தது.

கணவாய்க்கு முன்னால் ஒரு சரிவு வந்தது. சரிவு முழுக்கத் துணிகள். சட்டை, சேலைத் துண்டு, குழந்தையின் குல்லாய், ஒற்றைக் காலுறை, கத்தரித்த மயிர்க்கற்றைகள். கற்களுக்கெல்லாம் உடை உடுத்தியதுபோல் இருந்தது. கணவாயைத் தாண்டுமுன் மனிதர்கள் தங்கள் பழைய பிறவியை இங்கே கழற்றிப் போடுவதாக ஐதீகம். தன்னுடையது என்று ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

நடையாளுக்கு இதில் ஒரு விதி உண்டு. உரியவரின் பொருளைத்தான் வைக்கலாம், தன்னுடையதை வைக்கக் கூடாது. தையல்நாயகி பையிலிருந்து வேலாயுதத்தின் துண்டை எடுத்தாள். விபூதியும் தைலமும் கலந்த வாசனை அடித்தது. ஒரு கல்லில் போர்த்தி, பறக்காமல் இருக்கச் சிறு கற்களை வைத்தாள்.

"ஏ பிள்ள, இங்ஙன வா."

காந்திமதி அம்மாள் சற்றுத் தள்ளி ஒரு பாறையருகே குனிந்திருந்தார். குதிரைக்காரனைத் தூரப் போகச் சொல்லியிருந்தார்.

"இது என்னன்னு பாரு."

பாறையின் அடியில், வெளுத்துப்போன அரக்குப் பட்டு. ஒரு முழம் இருக்கும். இரட்டை முடிச்சாகப் போட்டு முனையை உள்ளே செருகியிருந்தது. தையல்நாயகி அப்படித்தான் முடிச்சுப் போடுவாள்.

"என் கலியாணச் சேலை. கிழிச்சு அனுப்பிவிட்டேன். நாலு வருஷம் ஆச்சு."

தையல்நாயகிக்குப் புரிய நேரமாயிற்று. "நீங்க உரியவரா?"

"அப்பம் இடுப்பு உடைஞ்சு படுக்கையில கிடந்தேன். நீ எனக்காக நடந்த. மூணாவது பாறை, சிவப்புக் கோடு ஓடும்னு ஞாபகம் இருந்துச்சு, நேரா வந்துட்டேன். உன் மூஞ்சிதான் தெரியாது பாத்துக்க. உன் கண்ணால பாத்ததுல உன் மூஞ்சி எப்படி இருக்கும்? கையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இந்தக் கட்டைவிரல்ல இருக்கிற தழும்பு."

தையல்நாயகி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சின்ன வயதில் அரிவாள்மணையில் வெட்டியது.

"இதெல்லாம் பேசக் கூடாதும்மா. உங்க ஒப்பந்தத்துலயும் எழுதியிருப்பாங்க."

"எழுதியிருக்கு. நான் வங்கியில முப்பத்தாறு வருஷம் ஒப்பந்தம் படிச்சவ." அந்த அம்மாள் பாறையில் சாய்ந்துகொண்டார். "எனக்கு வேற வழி தெரியல பிள்ள. கயிலாயம் பாத்தாச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். பொய்யில்ல, பாத்தேன். வடக்கு முகம் பொன்னா உருகி ஓடினதைப் பாத்தேன். அழுதேன். ஆனா அழுதது யாருன்னு ஒரு சந்தேகம். சரி, மூட்டு வச்சாச்சுல்லா, நேர்ல போய்ப் பாத்திருவோம்னு வந்தேன். இன்னைக்குக் காலையில பாக்கேன், வெறும் மலையா நிக்கி. அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தடவை மாதிரி இல்ல. இப்பம் எது என் கயிலாயம், சொல்லு?"

தையல்நாயகி பட்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். நடக்காதவருக்கு ஞாபகம் இருக்கிறது. நடந்தவளுக்கு இல்லை. இருவரில் யார் இங்கே முதல்முறை வந்திருக்கிறார்கள் என்று யோசித்தால் தலை சுற்றியது. உயரம் காரணமா, இது காரணமா என்று தெரியவில்லை.

"அந்தத் தடவை நான் வேற என்ன பண்ணினேன்மா?"

காந்திமதி அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதை நான் சொல்லிக் கேட்டா ஆகாது. மேல ஏறு. உனக்கே தெரியும்."

கடைசி ஏற்றம் செங்குத்தாக இருந்தது. இருபது அடி எடுத்து வைப்பாள், நிற்பாள். பிறகு பத்து அடி. பிறகு ஆறு. மூச்சு உள்ளே போயிற்று, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளியை விட்டு விட்டு இழுப்பதுபோல் இருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. காதில் கிழவரின் குரல், "நம" என்று நின்று, இழுத்து, இழுத்து, "சிவாய" என்றது. அவருடைய மூச்சும் தன் மூச்சும் ஒரே தாளத்தில் இழுப்பதை அவள் கேட்டாள். எது அவர், எது நான்?

மூன்றாவதாக ஒரு மூச்சும் கேட்டது.

அம்மா. அம்மா இப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறாள். தொலைபேசியில் அண்ணன் பேசும்போது பின்னால் ஏதோ அறுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மருத்துவமனை இயந்திரம் என்று நினைத்திருந்தாள். அது அம்மா. பதினொரு நாட்கள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான்.

மூன்று மணி நேரம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது பேருந்தில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தை. சன்னலோர இருக்கை, கையில் தண்ணீர் பாட்டில். அங்கே படுத்திருந்தவளுக்கு ஒவ்வொரு மூச்சும் இந்த ஏற்றம். இதை இன்னும் மூன்று மணி நேரம் ஏறு என்று அண்ணனால் அம்மாவிடம் கேட்க முடியவில்லை. அவ்வளவுதான். அதை அவன் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இவள் கேட்டிருக்க மாட்டாள்.

நெஞ்சுக்குள் ஏழு வருஷமாகக் கல்லாய் இருந்தது அசைந்தது. வலித்தது. பிறகு இளகிற்று. அழுகை வரவில்லை, அழுவதற்கு மூச்சு இல்லை. இறங்கியதும் அண்ணனைப் பார்க்க வேண்டும், வேறு எங்கும் போகாமல் நேராக, என்று மட்டும் நினைத்தாள்.

கணவாயின் உச்சியில் ஆயிரக்கணக்கான வண்ணக் கொடிகள் காற்றில் படபடத்தன. எல்லோரும் பெரிய பாறையை வணங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கால்கள் அந்தப் பக்கம் போகவில்லை. இடது புறமாக, சின்னதாக ஒரு பாறைக்குப் போயின. ஸ்வெட்டரின் பொத்தானைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள். தன்னுடையது என்று அங்கே விடுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. பாறையின் பிளவில் அதைப் போடக் கையை விட்டாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

பழுப்பு மரப் பொத்தான்.

மறுபடியும் கையை விட்டாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஐந்து இருந்தன. ஒன்று மட்டும் வெளுத்துப் பிளந்திருந்தது. ஆறாவதைக் காக்கை கொண்டு போயிருக்கலாம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து பொத்தானிலும் கடித்த தடம்.

"அக்கா, இங்க ரொம்ப நேரம் உக்காரக் கூடாது" என்று பரஞ்சோதி கத்தினான். அவள் எல்லாவற்றையும் திரும்பப் பிளவுக்குள் போட்டாள். ஆறாகப் போட்டாள்.

கணவாய்க்கு அப்பால் குதிரையில் இறங்க முடியாது. காந்திமதி அம்மாளும் நடந்தார். தையல்நாயகி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே கௌரிகுண்டம் ஏரி பச்சையாக உறைந்து கிடந்தது.

"நான் உங்களுக்காக நடந்தப்ப அந்தப் பிளவுக்குள்ள எத்தனை பொத்தான் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு. பாத்துட்டு வெலவெலத்துப் போயிட்ட. எனக்கு அந்தப் பயம் இப்பவும் இருக்கு. கனவுல பொத்தான் வரும். எங்க வீட்டுல பொத்தான் வச்ச சட்டையே நான் போடுறதில்ல." அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். "உங்க அண்ணன்கிட்ட பேசினியா?"

தையல்நாயகி அடுத்த கல்லைப் பார்த்துக் காலை வைத்தாள்.

"இல்லைன்னு தெரியும். எப்படிப் பேசுவ? நான் பேசிட்டேன். என் தம்பிகிட்ட. எங்களுக்குள்ள ஒரு வீட்டுத் தகராறு, இருபது வருஷம். அந்த மூணு நாளை எனக்குள்ள இறக்கினாங்க, மூட்டு வச்சு எந்திரிச்சதும் முதல் வேலையா அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். ஏன் போனேன்னு எனக்கே விளங்கல. உன் இளக்கம் பிள்ள, அது. எனக்கு வந்துட்டு."

"மத்த அஞ்சு பேருக்கும் அப்படித்தானா?"

"யாரு கண்டா. ஆறு வீட்டுல யார் யாரோ ராசியாயிருப்பாங்க. உங்க வீட்டுலதான் ஒண்ணும் நடக்கல."

தையல்நாயகி நின்றாள். "இப்ப நீங்க சொல்லிட்டீங்கல்ல. நாளைக்கு இது போயிட்டாலும், மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. போன் பண்ணிச் சொல்லுங்க."

"சொல்லலாம். உங்க அண்ணனை நீ மலையில மன்னிச்சுட்டன்னு சொல்லுவேன். நீ அப்படியான்னு கேட்டுட்டுத் தேயிலையைப் பால்காரன்கிட்ட குடுப்ப. செய்தியை வச்சு யாராவது இளகியிருக்காங்களா?"

அது உண்மை என்று தெரிந்தது. இப்போதே, கணவாயிலிருந்து இறங்க இறங்க, மூச்சு சுலபமாக வர வர, அந்த உணர்வு கொஞ்சம் தள்ளிப் போவதுபோல் இருந்தது. அது தன்னோடு உறைந்தால்தான் உண்டு.

"நான் அந்தத் தடவை குடுக்க மாட்டேன்னு சொல்லலையா?"

"சொன்னியே. கூடாரத்துல பரஞ்சோதிகிட்ட தெளிவா சொன்ன." காந்திமதி அம்மாள் அவள் கையை இறுக்கினார். "அவன் சண்டையெல்லாம் போடல. 'முதல்ல இதைப் போட்டுக்குங்கக்கா, அப்புறம் உக்காந்து நிதானமா பேசலாம்'னான். நீயும் களைச்சுப் போயிருந்த. ஸ்டூல்ல உக்காந்த. அவன் மூஞ்சி குனிஞ்சு வந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணைத் திறந்தா எங்க ஆஸ்பத்திரி மின்விசிறிதான்."

மாலை மாத்திரையைத் தையல்நாயகி போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். போடாமல் நாக்கடியில் வைத்துத் துப்பியிருக்கலாம். அது திருட்டுத்தனமாகத் தோன்றியது. அதோடு, காதில் அந்தக் குரல் நிற்கவே இல்லை. நம. இழுப்பு. சிவாய. அம்மாவின் மூச்சைப் புரியவைத்ததே இந்த மூச்சுதானே. இதை விட்டுவிட்டு எப்படிப் போவது? நான் அண்ணனிடம் போக வேண்டுமானால் இந்த மனிதர் கயிலாயம் போகாமல் சாக வேண்டுமா? ஆறு பேருக்குக் கொடுத்தாயிற்று, ஏழாவது ஆளுக்கு மட்டும் ஏன் இல்லை? அவள் மனம் ஒரு அடி இந்தப் பக்கமும் ஒரு அடி அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நடை சமதளம்தான். அவளுக்குத்தான் தடுக்கிக்கொண்டே இருந்தது.

வண்டிகள் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு பெட்டி, வலை பின்னியதுபோல் ஒரு தொப்பி. பரஞ்சோதி பஞ்சால் தொப்பியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. வேலாயுதம் ஐயாவோட மக பேசி அனுப்பியிருக்காங்க, கேளுங்க."

கைபேசியில் கொங்குக் குரல் ஒன்று மெதுவாகப் பேசியது. "அப்பா ரெண்டு நாளா தூங்கவே இல்லீங்க. இப்ப எந்த இடத்துல இருப்பாங்கன்னு கேட்டுட்டே இருக்காருங்க. டாக்டர் நாளைக் கடத்த வேண்டாம்னுட்டாருங்க. சீக்கிரம் அனுப்பிருங்க."

தையல்நாயகி காதிலிருந்த கருவியைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்தாள். திடீரென்று உலகம் அமைதியானது.

"இந்தத் தடவை நான் குடுக்கலை தம்பி."

அவன் ஆச்சரியப்படுவான், கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "சரிக்கா" என்றான்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. களைப்புல எல்லாரும் சொல்றதுதான்."

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஆறு தடவையுமா?"

பஞ்சு நின்றது.

"முதல் தடவை சொல்லலை" என்றான் பரஞ்சோதி.

"ஊர்ல வச்சு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அடுத்த தடவை வந்திருப்பீங்களா?" அவன் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. அவனும் மூன்று நாளாகத் தூங்கவில்லை. "எனக்கு மட்டும் நல்லா இருக்காக்கா? உங்க அண்ணன் கதை எனக்கு மனப்பாடம். ஆனா அந்தப் பக்கம் பாருங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒருத்தர் படுத்துக்கிட்டு வழி பாத்துட்டிருக்காங்க. நான் யாரைப் பாக்கிறது?"

அவள் பெட்டியின்மேல் கிடந்த கருவியைப் பார்த்தாள்.

"நான் கோயமுத்தூர் போறேன். அவர் பக்கத்துல உக்காந்து வாயால சொல்றேன். ஆடற கல்லுல இருந்து அவரோட துண்டை வச்ச இடம் வரைக்கும் ஒண்ணு விடாம."

"சொன்னா கேட்டுக்குவார். நடந்ததா ஆகாது."

"ஆகாதுதான்."

"அவருக்கு இது ஒரு தடவைதான்கா. உங்களுக்கு இன்னும் எத்தனையோ தடவை இருக்கு."

அவள் ஸ்வெட்டரைத் தடவினாள். ஊக்குகளுக்கு நடுவே ஒற்றைப் பொத்தான் தட்டுப்பட்டது. கூடாரத்தின் திறப்பு வழியே காந்திமதி அம்மாள் தெரிந்தார். வண்டியில் ஏறாமல், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார்.

பரஞ்சோதி ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். தொப்பியை இரண்டு கையாலும் ஏந்தினான். அவன் குரலில் கபடம் இல்லை. உண்மையான பரிவுதான் இருந்தது. ஆறு முறையும் இந்தப் பரிவுக்குத்தான் தலையைக் கொடுத்திருப்போம் என்று அவளுக்குப் புரிந்தது.

"முதல்ல இதைப் போட்டுக்குங்கக்கா" என்றான். "அப்புறம் உக்காந்து நிதானமா பேசலாம்."

தையல்நாயகி ஸ்டூலைப் பார்த்தாள். கால்கள் கெஞ்சின.

"வேண்டாம் தம்பி" என்றாள். "நின்னுக்கிட்டே பேசுவோம்."